11 புள்ளி எடுத்த நார்வே வெளியே, 8 புள்ளி எடுத்த ஜார்ஜியா உள்ளே: யூரோ தகுதிச் சுற்றின் கணக்கு

கேள்வி இதுதான்: ஐரோப்பிய நாடுகளின் கால்பந்துப் போட்டியான யூரோவின் 2024 தகுதிச் சுற்றில் நார்வேயும் ஜார்ஜியாவும் ஒரே குழுவில் ஆடின. மூன்றாவதாக வந்த நார்வேக்கு இடம் கிடைக்கவில்லை. அதற்கும் கீழே நான்காவதாக வந்த ஜார்ஜியா ஜெர்மனிக்குப் போய் யூரோ ஆடியது. இது எப்படி நடந்தது, இது நியாயமா, இந்தத் தகுதிச் சுற்று உண்மையில் எப்படித்தான் நடக்கிறது?

முதலில் எண்களைப் பார்த்துவிடலாம். அந்த ஏ குழுவின் இறுதிப் பட்டியலில் ஸ்பெயின் 21, ஸ்காட்லாந்து 17, நார்வே 11, ஜார்ஜியா 8, சைப்ரஸ் 0. இரண்டும் நேருக்கு நேர் மோதியதிலும் நார்வேயின் கைதான் ஓங்கியிருந்தது: ஜார்ஜியாவில் 1-1, ஓஸ்லோவில் நார்வேக்கு 2-1 வெற்றி. போதாக்குறைக்கு, 2023 செப்டம்பரில் திபிலீசியில் ஸ்பெயினிடம் 1-7 என்று நொறுங்கிய அணி ஜார்ஜியா. 16 வயது லமீன் யமால் ஸ்பெயினுக்காக முதன்முதலில் ஆடி, கோலும் போட்டது அந்த ஆட்டத்தில்தான். அப்படித் தோற்ற அணி உள்ளே, நட்சத்திர வீரர்கள் ஹாலண்டும் ஓடெகார்டும் ஆடிய அணி வெளியே என்றால் யாருக்கும் கேள்வி எழத்தான் செய்யும்.

ஆனால் பலர் கவனிக்காமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. 2024-க்கான விதிப்படி குழுவில் முதல் இரண்டு இடங்களுக்கு மட்டும்தான் பலன். மூன்றாம் இடத்துக்கு எதுவுமே கிடையாது. மூன்றாவது வந்தாலும் ஐந்தாவது வந்தாலும் குழு ஆட்டங்களைப் பொறுத்தவரை கதை முடிந்தது. ஜார்ஜியா நார்வேயைத் தாண்டிக்கொண்டு குழு வழியாகப் போகவில்லை. அது வேறொரு வாசல் வழியாகப் போனது. அந்த வாசலின் சாவி, தகுதிச் சுற்று தொடங்குவதற்கு முன்பே, 2022-லேயே கைமாறிவிட்டது.

ஐரோப்பிய கால்பந்துக் கூட்டமைப்பான யூஇஎஃப்ஏவில் 55 உறுப்பு நாடுகள். 2024-ல் ஜெர்மனி போட்டியை நடத்தும் நாடு, ஆகவே நேரடி இடம். ரஷ்யா தடையில் இருந்தது. மீதி 53 அணிகளை ஐந்து அணிகள் கொண்ட ஏழு குழுக்களாகவும் ஆறு அணிகள் கொண்ட மூன்று குழுக்களாகவும் பிரித்தார்கள். பத்துக் குழுக்களில் முதல் இரண்டு அணிகள் என்றால் 20. ஜெர்மனியோடு 21. மொத்த இடங்கள் 24 என்பதால் இன்னும் மூன்று மிச்சம். அந்த மூன்றுதான் பிளேஆஃப் இடங்கள், அதாவது நேரடியாகத் தேறாத அணிகள் தங்களுக்குள் மோதிப் பிடிக்கும் இடங்கள். இவை குழுப் பட்டியலைப் பார்த்துக் கொடுக்கப்பட்டவை அல்ல, நேஷன்ஸ் லீக் பட்டியலைப் பார்த்துக் கொடுக்கப்பட்டவை.

நேஷன்ஸ் லீக் 2018-ல் தொடங்கியது. அணிகளைத் தரவாரியாக ஏ, பி, சி, டி என்று நான்கு அடுக்குகளாகப் பிரித்து, ஒவ்வொரு அடுக்குக்குள்ளும் குழுக்கள் வைத்து ஆடுவார்கள். முதலிடம் பிடித்தால் மேல் அடுக்குக்கு ஏற்றம், அடியில் தங்கினால் இறக்கம். நட்பு ஆட்டங்கள் என்ற பெயரில் யாருக்கும் அக்கறையில்லாமல் நடந்துகொண்டிருந்த ஆட்டங்களின் இடத்தில் இதைக் கொண்டுவந்தார்கள். அதோடு அடுக்கின் குழுவில் முதலிடம் பிடித்தவர்களுக்கு ஒரு காப்பீடும் கொடுத்தார்கள்: யூரோ தகுதிச் சுற்றில் நேரடியாகத் தேறாவிட்டால், பிளேஆஃபில் இன்னொரு வாய்ப்பு. அடுக்கு வெற்றியாளர் ஏற்கெனவே தேறிவிட்டால், அந்த இடம் அதே அடுக்கில் அடுத்த நிலையில் இருக்கும், தேறாத அணிக்குப் போகும்.

2022-23 நேஷன்ஸ் லீக்கின் சி அடுக்கில் துருக்கி, கிரீஸ், கஜகஸ்தான், ஜார்ஜியா ஆகியவை தத்தம் குழுவில் முதலிடம். துருக்கி தகுதிச் சுற்றிலேயே நேரடியாகத் தேறியதால் அதன் இடம் லக்சம்பர்க்குக்குப் போனது. நான்கு அணிகள், ஓர் இடம். 2024 மார்ச்சில் ஜார்ஜியா லக்சம்பர்க்கை 2-0 என வென்றது, இரண்டு கோலும் புடு சிவ்சிவாட்ஸே போட்டவை. கிரீஸ் கஜகஸ்தானை 5-0 என ஊதித் தள்ளியது. 26 மார்ச் அன்று திபிலீசியில் இறுதி. 120 நிமிடமும் கோல் இல்லை. பெனால்டி ஷூட்அவுட்டில் ஜார்ஜியாவுக்கு 4-2. நிகா க்வெக்வெஸ்கிரியின் உதை வலைக்குள் போனதும் பார்வையாளர்கள் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள். சுதந்திர நாடாக ஜார்ஜியா தேறிய முதல் பெரிய போட்டி அது.

இப்போது நார்வே. அதே நேஷன்ஸ் லீக்கில் நார்வே பி அடுக்கில், செர்பியா இருந்த குழுவில் ஆடியது. 2022 ஜூனில் பெல்கிரேடிலேயே செர்பியாவை 1-0 என வென்றிருந்தது. 27 செப்டம்பர் 2022 அன்று ஓஸ்லோவில் கடைசி ஆட்டம், மறுபடியும் செர்பியா. இரு அணிகளுக்கும் அப்போது ஒரே புள்ளிகள். டிரா ஆகியிருந்தாலே நேருக்கு நேர் கணக்கில் நார்வே முதலிடம், பிளேஆஃப் காப்பீடு கையில். விலாஹோவிச் ஒன்று, மித்ரோவிச் ஒன்று, செர்பியா 2-0. நார்வே இரண்டாமிடம்.

பின்னர் செர்பியா, ஸ்காட்லாந்து இரண்டும் யூரோவுக்கு நேரடியாகத் தேறியதால் பி அடுக்கில் காலியிடங்கள் வந்தன. அப்போதும் பின்லாந்து, உக்ரைன், ஐஸ்லாந்து ஆகியவை வரிசையில் நார்வேக்கு முன்னால் நின்றன. இத்தனைக்கும் ஐஸ்லாந்து அந்த நேஷன்ஸ் லீக்கில் ஆடிய நான்கு ஆட்டத்தையும் டிராவில்தான் முடித்திருந்தது. அதன் குழுவில் ரஷ்யா இல்லாமல் மூன்று அணிகளே இருந்ததால், மற்றக் குழுக்களில் கடைசி அணியோடு எடுத்த புள்ளிகளை ஒப்பீட்டில் கழித்துவிட்டார்கள். சுவீடனை இரண்டு முறை வென்று நார்வே எடுத்த ஆறு புள்ளிகள் அப்படியே போயின. இதில் நார்வே ரசிகர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் சொந்த மைதானத்தில் ஒரு டிரா எடுத்திருந்தால் இந்தக் கணக்குக்கே வேலை இருந்திருக்காது.

தகுதிச் சுற்றிலும் நார்வே தன் வாய்ப்பைத் தானே நழுவவிட்டது. 2023 ஜூனில் ஓஸ்லோவில் ஸ்காட்லாந்துக்கு எதிராக ஹாலண்டின் பெனால்டியால் 1-0 என முன்னிலை. 87-ஆவது நிமிடம்வரை அது நீடித்தது. அடுத்த இரண்டே நிமிட இடைவெளியில் டைக்ஸும் மெக்லீனும் ஆளுக்கொரு கோல். 2-1 ஸ்காட்லாந்து. ஐந்து அணிக் குழுவில் ஓர் அணிக்கு எட்டே ஆட்டங்கள்தான். அதில் நேரடிப் போட்டியாளரிடம் சொந்த மண்ணில் இப்படி மூன்று புள்ளி கைமாறினால் மீள்வது மிகக் கடினம். 2000 யூரோவுக்குப் பிறகு நார்வே எந்தப் பெரிய போட்டிக்கும் போகாத வறட்சி அதனால் இன்னும் நீண்டது.

ஆகவே நியாயமா என்றால், ஜார்ஜியா விஷயத்தில் நியாயம் என்றே நான் சொல்வேன். விதி முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது, ஜார்ஜியா தன் அடுக்கில் ஆட வேண்டியதை ஆடி ஜெயித்தது. 2020 யூரோவுக்கும் அது இதே வழியில் முயன்று பார்த்த அணி. 2020 நவம்பரில், இதே திபிலீசியில், பிளேஆஃப் இறுதியில் வடக்கு மாசிடோனியாவிடம் 0-1 எனத் தோற்றது. மூத்த வீரர் கோரன் பான்டெவ் போட்ட ஒற்றைக் கோல். டி அடுக்கிலிருந்து யூரோவுக்குப் போன முதல் அணி என்ற பெருமை மாசிடோனியாவுக்குப் போனது. ஜார்ஜியர்கள் அதை மறக்கவில்லை.

ஆனால் இந்த ஏற்பாட்டில் நியாயமில்லாத ஓர் இடமும் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எஸ்டோனியாவின் இடம் அது. 2024 தகுதிச் சுற்றில் எஸ்டோனியா எட்டு ஆட்டத்தில் எடுத்தது ஒரே ஒரு புள்ளி, குழுவில் கடைசி. ஆனால் டி அடுக்கில் மால்டா, சான் மரினோ இருந்த சிறிய குழுவில் முதலிடம் பிடித்திருந்தது. ஏ அடுக்கு அணிகள் பெரும்பாலும் நேரடியாகத் தேறிவிட்டதால் அந்த அடுக்குக்கான பிளேஆஃபில் நிரப்ப ஆளில்லை. அதனால் டி அடுக்கிலிருந்து எஸ்டோனியா ஏறி, வார்சாவில் போலந்தை எதிர்த்து அரையிறுதி ஆடியது. 1-5 எனத் தோற்றது. அந்த ஆட்டத்தில் ஜெயித்து, அடுத்ததிலும் ஜெயித்திருந்தால், ஒரு புள்ளி எடுத்த அணி யூரோ ஆடியிருக்கும். அடுக்கு வெற்றியாளர்களுக்கு வாய்ப்பு கொடுப்பது சரி. நிரப்பும்போதாவது தகுதிச் சுற்றுப் பட்டியலையும் ஒரு கண் பார்த்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. 11 புள்ளி எடுத்த நார்வேயை அங்கே வைத்திருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

இந்தச் சிக்கலெல்லாம் ஏன், பழைய மாதிரி எளிமையாக வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பழைய முறை எளிமையாகத்தான் இருந்தது, ஆனால் இரக்கமில்லாமல் இருந்தது. 1960-ல் நடந்த முதல் போட்டிக்கு 17 அணிகள்தான் பெயர் கொடுத்தன. இங்கிலாந்து, மேற்கு ஜெர்மனி, இத்தாலி மூன்றும் கலந்துகொள்ளவே இல்லை. முழுக்க நாக்அவுட். உள்ளூரில் ஒன்று, வெளியூரில் ஒன்று, தோற்றால் நான்கு வருடம் காத்திருக்க வேண்டும். 17-ஐ 16 ஆக்க அயர்லாந்தும் செக்கோஸ்லோவாக்கியாவும் மட்டும் ஒரு முன்சுற்று ஆடின. அந்த முன்சுற்று நடப்பதற்கு முன்பே அடுத்த சுற்றின் முதல் ஆட்டம், சோவியத் ஒன்றியம் ஹங்கேரியை 3-1 என வென்றது, 1958 செப்டம்பரில் மாஸ்கோவில் முடிந்துவிட்டது. காலிறுதியில் சோவியத்துடன் ஆட ஸ்பெயினை ஃபிராங்கோ அரசு அனுப்ப மறுத்தது. சோவியத் ஆடாமலேயே அரையிறுதிக்குப் போய், கடைசியில் கோப்பையையும் வென்றது.

குழு முறை 1968 போட்டிக்கு வந்தது. வந்த முதல் தடவையே பலியானது மேற்கு ஜெர்மனி. 1967 டிசம்பரில் திரானாவில் அல்பேனியாவை வென்றாலே போதும் என்ற நிலையில் 0-0. ஜெர்மானிய அணி யூரோ தகுதியில் கலந்துகொண்டு தேறாமல் போனது அந்த ஒரே முறைதான்.

குழு முறையோடு இன்னொரு தலைவலியும் வந்தது: சமப் புள்ளி. இதற்கு 21 டிசம்பர் 1983-ஐ விடப் பெரிய உதாரணம் கிடையாது. செவில்லேயில் ஸ்பெயினும் மால்டாவும். நெதர்லாந்து தன் ஆட்டங்களை முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தது. ஸ்பெயின் தேற வேண்டுமானால் 11 கோல் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். இடைவேளையில் 3-1. யாரும் நம்பவில்லை. இரண்டாம் பாதியில் ஒன்பது கோல். 12-1. இரு அணிக்கும் 13 புள்ளி, இரு அணிக்கும் கோல் வித்தியாசம் 16, போட்ட மொத்தக் கோல்களில் 24-க்கு 22 என்று ஸ்பெயின் முன்னால். அதே ஸ்பெயின் அடுத்த கோடையில் இறுதிப் போட்டிவரை போனது.

இன்று சமப் புள்ளி வந்தால் முதலில் பார்ப்பது சம்பந்தப்பட்ட அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களை. பலவீனமான அணியின் தலையில் கோல் மழை பொழிந்து தேறும் வழியை இது ஓரளவு அடைக்கிறது. வேடிக்கை என்னவென்றால், 1983-ல் இந்த விதி இருந்திருந்தாலும் உடனே தீர்வு கிடைத்திருக்காது. ஸ்பெயின் தன் ஊரில் 1-0, நெதர்லாந்து தன் ஊரில் 2-1. புள்ளியும் சமம், கோலும் சமம்.

கோல் மழை இன்றும் நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2023 நவம்பரில் நீஸ் நகரில் பிரான்ஸ் ஜிப்ரால்டரை 14-0 என வென்றது, யூரோ தகுதிச் சுற்று வரலாற்றிலேயே பெரிய வெற்றி. அதே தகுதிச் சுற்றில் பெல்ஜியத்தின் லுகாகு 14 கோல் போட்டு, டேவிட் ஹீலியும் லெவன்டோவ்ஸ்கியும் வைத்திருந்த 13 கோல் சாதனையைத் தாண்டினார். இதைக் காட்டித்தான் சிறிய அணிகளைத் தனியாக ஒரு முன்சுற்றில் ஆடவிட்டு வடிகட்ட வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

1990 செப்டம்பரை நினைத்துப் பாருங்கள். ஃபரோ தீவுகளுக்கு அதுதான் முதல் அதிகாரபூர்வப் போட்டி ஆட்டம். சொந்த ஊரில் புல்தரை மைதானம் இல்லாததால் சுவீடனின் லான்ட்ஸ்க்ரோனாவில் ஆடினார்கள். எதிரில் சில மாதங்களுக்கு முன் உலகக் கோப்பை ஆடிவிட்டு வந்த ஆஸ்திரியா. டோர்கில் நீல்சன் ஒரு கோல், 1-0. அதற்கும் முன்னால், 1963-ல், லக்சம்பர்க் நெதர்லாந்தை வெளியேற்றிக் காலிறுதிக்குப் போய், டென்மார்க்கை மூன்றாவது ஆட்டம்வரை இழுத்தது. 2016 யூரோவுக்கான சுற்றில் ஐஸ்லாந்து நெதர்லாந்தை இரண்டு ஆட்டத்திலும் வீழ்த்தியது. இடங்களை 16-லிருந்து 24 ஆக உயர்த்திய முதல் யூரோ அது. மூன்றாவது வந்தாலும் வழி இருந்தது. அப்படியும் நெதர்லாந்து நான்காவது. வடிகட்டி வைத்திருந்தால் இவற்றில் சில ஆட்டங்கள் நடந்தே இருக்காது.

சிறிய அணிகளுக்குத் தேவை தடுப்புச் சுவர் அல்ல, தங்கள் தரத்தில் ஜெயிக்கக்கூடிய ஆட்டங்களும் கூடவே பெரிய அணிகளோடு ஆட்டங்களும். நேஷன்ஸ் லீக் முதலாவதைத் தருகிறது, தகுதிச் சுற்று இரண்டாவதை. 2024 தகுதிச் சுற்றில் சான் மரினோ பத்து ஆட்டத்திலும் தோற்றது. ஆனால் கடைசி மூன்றிலும் கோல் போட்டது, அதில் டென்மார்க்குடன் 1-2 வரை வந்தது. அடுத்த ஆண்டு நேஷன்ஸ் லீக்கில் லிக்டன்ஸ்டைனை 1-0 என வென்று தன் வரலாற்றின் முதல் அதிகாரபூர்வப் போட்டி வெற்றியைப் பெற்றது, பிறகு அந்த அணியையே 3-1 என வென்று சி அடுக்குக்கும் ஏறியது.

தகுதிச் சுற்று களத்துக்கு வெளியிலும் நடக்கிறது. குலுக்கலில் எல்லா அணிகளும் எல்லோருடனும் சேர முடியாது. ஸ்பெயினையும் ஜிப்ரால்டரையும் ஒரே குழுவில் போட மாட்டார்கள். கொசோவோவை செர்பியாவுடனும் போஸ்னியாவுடனும் சேர்க்க மாட்டார்கள். 2014 அக்டோபரில் பெல்கிரேடில் செர்பியாவும் அல்பேனியாவும் ஆடியபோது ட்ரோனில் ஒரு கொடி மைதானத்துக்குள் பறந்து வந்தது, கைகலப்பானது, ஆட்டம் பாதியில் நின்றது. யூஇஎஃப்ஏ முதலில் செர்பியாவுக்கு 3-0 என்று அறிவித்து, கூடவே மூன்று புள்ளியையும் பறித்தது. மேல்முறையீட்டில் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அதைப் புரட்டி அல்பேனியாவுக்கு 3-0 கொடுத்தது. அல்பேனியா அந்தச் சுற்றில் நேரடியாகத் தேறியதில் அந்த மூன்று புள்ளிக்கும் பங்கு உண்டு.

தேறாத அணிக்குக் கடைசி நேரத்தில் அதிர்ஷ்டம் அடித்த கதை ஒன்றே ஒன்று. 1992-க்குத் தேறியிருந்த யுகோஸ்லாவியா, ஐ.நா. தடையால் நீக்கப்பட்டது. குழுவில் ஒரு புள்ளி பின்தங்கி இரண்டாவது வந்த டென்மார்க்கைக் கூப்பிட்டார்கள். அது இறுதியில் ஜெர்மனியை 2-0 என வென்று கோப்பையோடு திரும்பியது. நார்வே ரசிகர்கள் 2024-ல் இப்படி ஏதாவது நடக்குமா என்று எதிர்பார்த்ததில் தப்பில்லை, நடக்கவில்லை.

அடுத்த 2028 யூரோவுக்கு வாசல்கள் கொஞ்சம் மாறுகின்றன. பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்து நடத்துகின்றன. குழுக்கள் பத்திலிருந்து பன்னிரண்டு ஆகின்றன, ஒவ்வொன்றிலும் நான்கு அல்லது ஐந்து அணிகள். பன்னிரண்டு முதலிட அணிகளும், இரண்டாமிடம் வந்தவற்றில் சிறந்த எட்டும் நேரடியாகத் தேறும். அதாவது இனி இரண்டாமிடம்கூட எல்லோருக்கும் போதாது. நடத்தும் நாடுகளான இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து நான்கும் மற்றவர்களைப் போலவே தகுதிச் சுற்று ஆட வேண்டும். தேறாமல் போனவற்றில் இரண்டுக்கு மட்டும் தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். மீதி இடங்களுக்கு பிளேஆஃப், அதற்கு மறுபடியும் நேஷன்ஸ் லீக் வரிசையும் கை கொடுக்கும். ஆகவே 2026-27 நேஷன்ஸ் லீக்கில் சி அடுக்கிலோ பி அடுக்கிலோ யாரும் பார்க்காத ஓர் ஆட்டம் நடந்தால், கடைசி நாள் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஓஸ்லோவில் செர்பியா போட்ட அந்த இரண்டு கோல்களைப் போன்ற ஒன்று அங்கே நடந்துகொண்டிருக்கலாம்.

ஜார்ஜியா ஜெர்மனியில் என்ன செய்தது என்று கேட்டால்: 24 அணிகளில் ஃபிஃபா தரவரிசையில் கடைசியாக இருந்த அணி, போர்ச்சுகலை 2-0 என வென்று அடுத்த சுற்றுக்குப் போனது. இரண்டாவது நிமிடத்திலேயே க்வாரட்ஸ்கெலியா, பிறகு பெனால்டியில் மிகௌடாட்ஸே. மிகௌடாட்ஸே மூன்று கோலோடு அந்தப் போட்டியில் அதிகக் கோல் போட்ட ஆறு பேரில் ஒருவரானார். நாக்அவுட்டில் எதிரே வந்தது மறுபடியும் ஸ்பெயின். முதல் கோல் ஜார்ஜியாவுக்கு விழுந்தது, முடிவில் 1-4. திபிலீசியில் வாங்கிய 1-7-க்கும் அதற்கும் இடையில் பத்து மாதம்கூட ஆகியிருக்கவில்லை.